ஒரே ஆணியில் மாட்டிய ஜப்பான்காரி

ஒரு வாடகை வீட்டில் சுவர் யாருக்குச் சொந்தம்? வீட்டுக்காரருக்கா, குடியிருப்பவருக்கா, இல்லை அந்தச் சுவரில் முன்பே தொங்கிக்கொண்டிருப்பவருக்கா?

தண்ணீர்க் குழாயடியில் வைத்து அனுசுயா அக்கா இப்படிக் கேட்டபோது, குடம் நிரம்புகிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பிறகுதான் அவர் கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததைச் சொன்னார். அதைக் கதையாக, அவர் பெயரைச் சொல்லியே இங்கே எழுதுகிறேன்.

அனுசுயாவுக்குச் சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். பாவாடை தாவணி வயதில் அண்ணனோடு திருப்பூர் வந்து இறங்கியவள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவதில் தொடங்கி, மடிப்பு, செக்கிங் என்று எத்தனையோ கம்பெனி பார்த்துவிட்டாள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது, அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அவளைக் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு பெரியகருப்பனுக்கு இரண்டாம் தாரமாகக் கழுத்தை நீட்டினாள்.

பெரியகருப்பன் மானாமதுரைக்காரர். பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். மெஷின் சத்தத்திலேயே இருந்து பழகியதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் வாய் திறக்க மாட்டார். முதல் மனைவி பேச்சியம்மாள் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் பிரியங்கா மானாமதுரையில் பெரியம்மா வீட்டில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். லீவுக்கு மட்டும் திருப்பூர் வருவாள்.

வீடு என்றால் ஒரு அறை, அதன் ஓரத்தில் சமையல் மேடை. வரிசையாக இருக்கும் லைன் வீடுகளில் அது கடைசி வீடு. அனுசுயா குடிவந்த அன்றே வீட்டுக்காரம்மா சாமியாத்தாள் சொல்லிவிட்டார்: "செவுத்துல ஆணி கீணி அடிச்சுப் போடாதீங்க சாமி. பழைய செவுரு, பொலபொலன்னு கொட்டிப்போடும். இருக்கற ஆணியில மாட்டிக்கோங்க."

இருந்தது ஒரே ஆணி. அதில் பேச்சியம்மாளின் போட்டோ தொங்கியது. ஆதார் அட்டைக்கு எடுத்ததை ஸ்டுடியோவில் பெரிதாக்கி, நீலப் பின்னணி வைத்து, பிரேம் போட்டது. சந்தனச் சீவல் மாலை, மேலே ஒரு குட்டிச் சிவப்பு பல்பு. வேலைக்குக் கிளம்பும்போது பெரியகருப்பன் பிரேமின் கீழ் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அனுசுயா பாய் விரித்துப் படுப்பது சரியாக அந்தப் போட்டோவுக்கு எதிரில். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அந்தக் கண்கள் அவள்மேலேயே இருக்கும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பிரியங்கா அவளைச் சித்தி என்று கூப்பிட வேண்டும். அந்தப் பெண் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க, சோப்பு எங்க இருக்கு?", "இந்தாங்க, அப்பா வந்துட்டாரு." கோபமெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் பேசுவாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பவரிடம் பேசுகிற மரியாதை.

பத்தாவது முடித்ததும் மகள் இங்கேயே வந்து பதினொன்றாவது சேர வேண்டும் என்று பெரியகருப்பன் நினைத்திருந்தார். போன கோடை லீவில் அதைச் சொல்லியும் பார்த்தார்.

"இங்கயாப்பா?" என்று அறையைச் சுற்றிப் பார்த்தாள் பிரியங்கா. "குடோன் மாதிரில்ல இருக்கு. இதுல வந்து நா எப்டிப்பா இருக்க?"

மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அனுசுயாவின் காதில் அது விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மூட்டைகள், சாய்த்து வைத்த பாய், காரை பெயர்ந்த சுவர், ஒரு போட்டோ. சொன்னதில் பொய்யில்லை. பிரியங்கா திரும்பவும் குனிந்து நோட்டில் படம் வரையத் தொடங்கினாள். போனில் பார்க்கும் ஜப்பான் கார்ட்டூன் முகங்கள்: பெரிய கண், கூரிய முடி. அந்த லீவு முழுக்க அவள் அதைத்தான் வரைந்தாள்.

அனுசுயா இப்போது வேலை பார்ப்பது ஒரு பிரிண்டிங் யூனிட்டில். அங்கே படத்தை முதலில் ஒரு மெல்லிய தாளில் அடிப்பார்கள். அந்தத் தாளைத் துணிமேல் வைத்துச் சூட்டில் அழுத்தினால் சாயம் துணிக்கு ஏறிவிடும். பிறகு தாளைப் பிரித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் படத்தில் நிழல் தட்டும். மூலையில் பிடித்து, ஒரே சீராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரிக்க வேண்டும். அதுதான் அனுசுயாவின் வேலை. பிரித்த தாள் குப்பை.

ஆவணியில் ஒரு ஜப்பான் ஆர்டர் வந்தது. குழந்தைகளுக்கான சட்டைகள். முதல் தாளைப் பிரித்தபோது அனுசுயா கையை எடுக்காமல் நின்றுவிட்டாள். நகம்போல் வளைந்த அலைகள். ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். மழையில் குடை பிடித்துக்கொண்டு, உடம்போடு சுற்றிக் கட்டிய உடையில் ஒரு பெண். துணியில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆனால் சாயம் போன தாளில்தான் அவளுக்கு அழகு தெரிந்தது. பனிக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் வெளிறிய நீலம், வெளிறிய ரோஸ்.

"ஏனுங் சார், இந்தப் பேப்பரு ரெண்டு எடுத்துக்கிறட்டுமா?" அவள் ஊர்ப்பேச்சில் திருப்பூர் கலந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

சூப்பர்வைசர் தனபால் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எடுத்துக்கோங்க. எப்படியும் பழைய பேப்பர்க்காரனுக்குத்தானே போகுது."

அன்று முதல் தினம் ஒன்றிரண்டு சுருட்டிக்கொண்டு வந்தாள். இருபக்கமும் ஒட்டும் டேப் வாங்கினாள். ஆணி தேவையில்லாத இடங்களிலெல்லாம் ஒட்டினாள். பீரோக் கதவில் கொக்குகள். சமையல் மேடைக்கு மேலே அலை. பாத்திர அலமாரியின் ஓரத்தில் சிவப்புப் பாலம். பக்கத்து வீட்டு அன்புசெல்வி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னுங்க்கா, பாஸ்போர்ட் இல்லாமயே ஜப்பான் போயிட்டீங்களாட்டம் இருக்குது!" என்றாள். அனுசுயாவுக்கு உச்சி குளிர்ந்தது.

குடை பிடித்த பெண்ணை மட்டும் எங்கும் ஒட்ட மனம் வரவில்லை. அதற்கு ஒரு பிரேம் வேண்டும். பிரேம் இருந்தால் ஆணி வேண்டும். ஆணி ஒன்றுதான்.

காலாண்டு லீவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பெரியகருப்பன் ஓவர்டைம் போயிருந்த பகலில், அவள் போட்டோவை இறக்கினாள். மாலையைக் கழற்றிப் பையில் போட்டாள். பின்பக்கத் தகட்டைத் திறந்தாள். போட்டோவை வெளியே எடுக்கத்தான் கை போனது. எடுத்தால் விரட்டியதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால் எடுக்கவில்லை. அதன் மேலேயே ஜப்பான் பெண்ணை வைத்து, நழுவாமல் இருக்க நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, கண்ணாடியைப் போட்டு மூடினாள். பேச்சியம்மா அவள் இடத்தில்தான் இருக்கிறாள், முன்னால் ஒரு திரை, அவ்வளவுதான். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிரியங்காவுக்காகத்தானே செய்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டாள்.

அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். அதை நினைத்தால்தான் இப்போதும் நெஞ்சு கூசுகிறது என்று குழாயடியில் என்னிடம் சொன்னார்.

இரவு களைத்து வந்து படுத்துவிட்ட பெரியகருப்பன் மறுநாள் காலையில் பழக்கத்தில் கையை உயர்த்தினார். பார்த்தார். கை பாதியில் நின்றது.

"பேச்சி படம்?"

"உள்ளதாங்க இருக்கு. பத்திரமா இருக்கு. பாப்பாவுக்குப் புடிக்குமேன்னு..."

"ம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அந்த "ம்"மை அனுசுயா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிரியங்கா வந்தாள். வாசலிலேயே பையை நழுவவிட்டாள். "ஐயோ! இதெல்லாம் யாரு செஞ்சது?" பீரோ முன்னால் நின்று வீடியோ எடுத்தாள், அலைக்கு முன்னால் நின்று எடுத்தாள். அனுசுயா மேடை ஓரமாக ஒதுங்கி, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். குடைப் பெண்ணிடம் வந்ததும் பிரியங்கா போனைத் தாழ்த்தினாள்.

"இங்க அம்மா போட்டோதான இருக்கும்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அனுசுயாவின் வாய் தானாகப் பேசியது. "படம் மங்கிருச்சுத்தா. கடையில மாத்தக் குடுத்துருக்கு."

"ஓ. எப்பத் தருவாங்க?"

"தீபாவளிக்குள்ள தந்துருவாக."

பிரியங்கா தலையாட்டினாள். போனில் எதையோ தட்டினாள். பிறகு, சாதாரணமாக, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்: "சித்தி, ஸ்டேட்டஸ்ல போடுறேன், ஒங்க பேரு போடவா?"

இரண்டு வருடமாகக் காத்திருந்த சொல். அது வந்தபோது அனுசுயாவால் நிமிர முடியவில்லை. கேட்டதுபோல் காட்டிக்கொள்ளாமல் அடுப்பைச் சிறியதாக்கினாள். திருட்டுப் பொருளைக் கையில் வைத்திருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் யூனிட்டில் மெஷின் ஓடவில்லை. எல்லோரையும் டேபிளைச் சுற்றி வரச் சொன்னார் தனபால். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சித்ரகலா, குடைப் பெண் படம் போட்ட இரண்டு சட்டைகளை விரித்து வைத்திருந்தார்.

"இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க பாக்கலாம்."

ஹீட் பிரஸ்ஸில் நிற்கும் டேனியல் முந்திக்கொண்டான். "ஒண்ணு இந்தப் பக்கம் பாக்குதுங்க, ஒண்ணு அந்தப் பக்கம் பாக்குதுங்க மேடம். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்களாட்டம் இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சித்ரகலா சிரிக்கவில்லை.

"இனி நமக்கும் ஆர்டர் குடுத்த பையருக்கும்தான் பேச்சுவார்த்தை இருக்காது. தாள்ல படம் இடம் வலம் மாறி இருந்தாத்தான் துணியில நேரா உழுகும். தெரியுமல்லோ? புது ஆளு அதை மாத்தாமயே தாள் அடிச்சிருக்காப்ல. துணியில படம் திரும்பிக்கிச்சு. கொக்கு திரும்புனா யாரும் கண்டுக்க மாட்டாங்க. இது பொம்பளை. அவங்கூருல உடுப்போட இடது பக்கத்தை மேல போட்டுத்தான் சுத்துவாங்களாம். வலது பக்கம் மேல வந்தா அது யாருக்குத் தெரியுமுங்களா? செத்தவங்களுக்கு. பொணத்துக்குத்தான் அப்படி உடுத்துவாங்களாம். கொளந்தைங்க சட்டையில பொணத்தைப் போட்டு அனுப்பிச்சிருக்கீங்களேன்னு கேக்கறாங்க."

"அட கர்த்தாவே" என்றான் டேனியல்.

அனுசுயா சரியாக வந்த சட்டையைப் பார்த்தாள். அதன் கழுத்தில் இடது பக்கம் மேலே இருந்தது. அப்படியானால் அதற்கு அடித்த தாளில்? சட்டையில் சரியாக இருந்தால் தாளில் மாறித்தான் இருக்கும். அவள் வீட்டுக்குக் கொண்டுபோனதெல்லாம் புது ஆள் வருவதற்கு முன் அடித்த தாள்.

டேனியலுக்கும் அது உறைத்துவிட்டது. "அனுசுயாக்கா! நீங்க ஊட்டுல மாட்டியிருக்கறதாச் சொன்னீங்கல்லோ? அதும் இதே கதைதானுங்களே! ஜப்பான் பொணத்துக்குத் தினமும் பத்தி காட்டறீங்களா?"

மறுபடியும் சிரிப்பு. அனுசுயாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் காது மடல் சுட்டது. செத்தவள் ஒருத்தியை மறைக்க அவள் ஆசை ஆசையாகச் சுருட்டிக்கொண்டு போனது, செத்தவள்போல் உடுத்திய இன்னொருத்தியை. இது இவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். பேச்சியம்மாளுக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றியது.

சாயங்காலம் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தாள். பிரியங்கா குளிக்கப் போகும்போது சத்தமில்லாமல் தாளை எடுத்துவிட வேண்டும். கடையிலிருந்து வாங்கி வந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் இன்னொரு பொய்யைத்தான் தயார் செய்துகொண்டு வந்தாள்.

கதவு திறந்திருந்தது. பிரியங்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கழற்றிய கண்ணாடி. மடியில் போட்டோ. ஜப்பான் பெண் மூன்று மூலையில் இன்னும் ஒட்டிக்கொண்டு, ஒரு மூலையில் மட்டும் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி மின்னுச்சு. பாத்து வரையலாம்னு கழட்டுனேன்." பிரியங்காவின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கடையில குடுத்துருக்குன்னு சொன்னீங்க."

அனுசுயா கைப்பையைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு அடியில இருக்காங்க. எங்கம்மா இதுக்கு அடியில இருக்காங்க. தெரியாம இழுத்துட்டேன்." போட்டோவைத் திருப்பிக் காட்டினாள். பேச்சியம்மாளின் தோளில், சேலை மடிப்பு இருந்த இடத்தில், மேல்தாள் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. "ஒங்களால நா எங்கம்மாவப் பிச்சுட்டேன்."

"ஆணி ஒன்னுதானத்தா இருக்கு" என்றாள் அனுசுயா. "வீட்டுக்காரம்மா வேற ஆணி அடிக்க விட மாட்டாக..."

பிரியங்கா எழுந்து விறுவிறுவென்று முன்வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது கூடவே சாமியாத்தாளும் வந்தார், கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு.

"ஏனுங்க அனுசுயா, ஆணி அடிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனுங்களா? சொன்னேன், இல்லைங்கல. கண்டமேனிக்கு அடிப்பாங்களேன்னு சொல்றதுதான். தாயில்லாப் புள்ள அவங்கம்மா படம் மாட்டறதுக்கு வேண்டாம்னு சொல்ல நான் என்ன ராட்சசியா? கேட்டிருந்தா நானே சுத்தியல் குடுத்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லியே கண்ணு."

நீங்கள் கேட்கவே இல்லையே. அதுதான் உண்மை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை. அது அந்த நிமிடம்தான் அனுசுயாவுக்கே புரிந்தது. சாமியாத்தாள் ஒன்றும் புரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெரியகருப்பன் வந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "எனக்குத் தெரியும்த்தா. நானுந்தான் பேசாம இருந்துட்டேன்" என்று சொல்லி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். அவர் அடித்திருந்தால், திட்டியிருந்தால்கூட அனுசுயாவுக்கு லேசாக இருந்திருக்கும்.

பிரியங்கா போட்டோவை நடுவில் தள்ளினாள். "ஒங்களுக்குத்தான் பிரிக்கத் தெரியுமே. பிரிங்க."

அனுசுயா இஸ்திரிப்பெட்டியைச் சூடு பண்ணினாள். ஒரு துணியை மடித்துச் சூடேற்றி, ஒவ்வொரு மூலையிலும் வைத்து எடுத்தாள். பசை இளகியது. யூனிட்டில் செய்வதுபோலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தாள். உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"ஆணியெல்லாம் சாக்குத்தா. படுத்தா அவங்க என்னையவே பாக்குற மாதிரி இருக்கும். அவங்க வீட்டுல வந்து படுத்துருக்கேன்னு இருக்கும். அதான் மூடிட்டேன். ஒனக்காகன்னு சொல்லிக்கிட்டேன். ஒனக்காகவுந்தான். ஆனா அது மட்டும் இல்ல."

சித்ரகலா சொன்னதையும் சொன்னாள், டேனியல் சிரித்ததையும் சொன்னாள். எதையும் மிச்சம் வைக்கவில்லை. மூன்று மூலையும் சேதமில்லாமல் வந்தன. ஜப்பான் பெண்ணைக் கசக்கிப் போடக் கையை மடக்கினாள்.

"அவங்க என்ன செஞ்சாங்க?" என்று பிரியங்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, தாளின் முதுகுப் பக்கமாகப் பார்த்தாள். மெல்லிய தாள், வெளிச்சம் ஊடுருவியது. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் குடை மறு கையில் இருந்தது. உடையும் நேராக இருந்தது. அதைத் திருப்பி ஜன்னல் கம்பியில் ஒட்டினாள். அந்த ஜன்னல் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது.

பேச்சியம்மாள் பழைய ஆணிக்குத் திரும்பினாள். சந்தன மாலையைப் போட்டபோது, அது சரியாகப் பிய்ந்த தோளை மறைத்துத் தொங்கியது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பெரியகருப்பன் அதுவே போதும் என்பதுபோல் தலையாட்டினார். அனுசுயா போய் மாலையை ஓரமாகத் தள்ளினாள். வெள்ளை இடம் நன்றாகத் தெரிந்தது. மூடியது போதும் என்று தோன்றியது அவளுக்கு.

லீவு முடிந்து பிரியங்கா கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அப்பாவிடம்தான் பேசினாள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்த பிறகு அனுசுயாவைப் பார்த்தாள்.

"அடுத்த லீவுக்கும் அம்மா அங்கயே இருப்பாங்கல்ல?"

"இருப்பாக."

"சரி" என்றாள். சித்தி என்று சொல்லவில்லை. பஸ் நகர்ந்தது. பதினொன்றாவதுக்கு வருவாளா என்று இதை எழுதும்வரை யாருக்கும் தெரியாது.

அனுசுயா அக்கா இன்னும் அந்தப் போட்டோவுக்கு எதிரில்தான் படுக்கிறார். கண்கள் அவரையே பார்க்கின்றன. பார்க்கட்டும் என்கிறார். குழாயடியில் அவர் கேட்ட கேள்விக்கு இப்போதும் என்னிடம் முழுப் பதில் இல்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது. எம்பேரைப் போட்டே எழுது. இன்னொருத்தி இருந்த வீட்டுக்கு வாழப்போற யாராச்சும் படிக்கட்டும்" என்றார். அப்படி யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்றால் வாயாலாவது சொல்லுங்கள். சுவரில் இருப்பதை மூடுவதற்கு முன், ஒரு ஆணி கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.